சட்டத்துக்குள் வராத கிளாஸ்

எங்க அய்யாவுக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. அதுவும் அவர் செத்த பிறகு எடுத்தது.

1983. நான் அப்போ ஒன்பதாவது படிச்சிக்கிட்டிருந்தேன். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டு போட்டோ எடுப்பது எங்க பக்கத்தில் வழக்கம். சங்கரன்கோவிலிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். வந்தவர் எங்க தெருமுனை வேப்பமரத்தோடு நின்றுகொண்டார். "உள்ள வெளிச்சம் பத்தாது. இங்க தூக்கிட்டு வாங்க"ன்னார். சித்திரை மாசம், உச்சிப் பொழுது. எங்க தெருவில் இல்லாத வெளிச்சமா? எந்த வெளிச்சம் பத்தாதுன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நாலு பேர் நாற்காலியோடு அய்யாவைத் தூக்கிக்கொண்டு போனோம். நானும் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் போட்டோவில் அய்யாவுக்குப் பின்னால் தெரிகிற சுவர் மேலத்தெரு சுவர். உயிரோடு இருந்த காலத்தில் அந்தச் சுவர் ஓரமாக அவர் செருப்புப் போட்டு நடந்ததில்லை. செத்த பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கேமரா ஒன்று நம்ம கையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். வாங்கப் பத்து வருஷம் ஆனது.

பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்று, சங்கரன்கோவிலில் விசைத்தறியில் வேலை பார்த்தேன். சாயந்திரம் தறிச்சத்தம் காதிலிருந்து இறங்குவதற்குள் இயக்கக் கூட்டம். அங்கே பழக்கமான தோழர் ஒருவர் சோவியத் நாட்டுக்குப் போய்வந்தபோது வாங்கி வந்த கேமராவை விற்கப் போவதாகச் சொன்னார். அறுநூறு ரூபாய், ஆறு தவணை. 1993 கடைசியில் அது என் கைக்கு வந்தது.

ஸெனித்-ஈ. மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊரில் செய்தது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கழுத்தில் போட்டால் எருமைக்குக் கட்டை கட்டின மாதிரி ஆடும். பேட்டரி கிடையாது. லென்ஸுக்கு மேலே இருக்கிற தேன்கூடு மாதிரியான கண்ணாடி வெளிச்சத்தைக் குடித்து ஒரு முள்ளை ஆட்டும். அதைப் பார்த்து நாமேதான் எல்லாம் வைக்க வேண்டும். வேகம் அஞ்சுதான்: முப்பதில் ஒரு பங்கு வினாடி, அறுபது, நூற்றிருபத்தஞ்சு, இருநூற்றைம்பது, ஐந்நூறு. அமுக்கினால் 'டொடக்'கென்று மாட்டுக்கொட்டில் கதவு சாத்தின சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்தது. படம் விழுந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி என்று நம்பினேன்.

அது எவ்வளவு பெரிய ஏமாளித்தனம் என்று டீக்கடையில்தான் தெரிந்தது.

எங்க ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு டீக்கடை. பாய்லர் பக்கத்தில் வரிசையாகக் கிளாஸ்கள் கவிழ்த்திருக்கும். அது அவங்களுக்கு. கடைக்கு வெளியே வலது கைப்பக்கம், தாழ்வாரத்து மூங்கிலில் ஆணி அடித்து ஒரு தகரத்தட்டு. அதில் மூன்று கிளாஸ். அது நமக்கு. நாமே எடுத்து, நாமே கழுவி, கீழே வைத்துவிட்டு ரெண்டெட்டு தள்ளி நிற்க வேண்டும். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு மறுபடி கழுவித் தட்டில் வைக்க வேண்டும். காசைத் திண்ணையில் வைக்க வேண்டும்.

1994-ல் இயக்கத்தில் முடிவெடுத்தோம், மனு கொடுப்பதென்று. 1955-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே உணவுக்கடையில் பொதுவாக வைத்திருக்கிற பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். 1976-ல் அதுக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாற்றினார்கள். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்து, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மனு கொடுத்தால் முதலில் கேட்பது, "எங்கய்யா இருக்கு ரெட்டைக் கிளாஸு?" என்றுதான். விசாரணைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தாலே தகரத்தட்டு காணாமல் போய்விடும். அதனால் போட்டோ வேணும் என்றார்கள். எடுக்க ஆள் இருக்கிறது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எடுப்பதில் ஒரு கணக்கு இருந்தது. பாய்லர் பக்கத்துக் கிளாஸைத் தனியாகவும் ஆணியில் தொங்குகிற தட்டைத் தனியாகவும் ரெண்டு படமாக எடுத்தால் பிரயோசனமில்லை. "இது ஒரு கடை, அது ஒரு கடை"ன்னு சொல்லிவிடுவார்கள். ரெண்டும் ஒரே படத்தில், ஒரே சட்டத்துக்குள் விழ வேண்டும். தமிழில் படத்தைச் சுற்றி அடிக்கிற மரத்துக்கும் சட்டம் என்றுதான் பேர், அரசாங்கம் போடுவதற்கும் சட்டம் என்றுதான் பேர். இதுக்குள் வந்தால்தான் அதுக்குள் வரும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றேன். நல்ல மத்தியானம். 400 ஏ.எஸ்.ஏ. பிலிம் போட்டிருந்தேன். ராத்திரிக் கூட்டத்துக்கும் ஆகும் என்று வாங்கினது. அந்த வெயிலுக்கு அந்த பிலிமுக்கு லென்ஸை 16-ல் வைத்து வேகத்தை ஐந்நூறில் வைக்க வேண்டும். வைத்தேன். எங்க பெரியய்யா ஒருத்தர் தட்டிலிருந்து கிளாஸை எடுத்தார். உள்ளே பெஞ்சில் நாலு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். டொடக். பிலிமைச் சுற்றி இன்னொன்று. டொடக். மூன்றாவதுக்குக் கடையிலிருந்து ஒருத்தன் எழுந்து நின்று பார்த்தான். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். கை நடுங்கினது ராஜபாளையம் போய்ச் சேருகிற வரைக்கும் நிற்கவில்லை.

மூணாம் நாள் பிரிண்ட் வந்தது. இடது பக்கம் கடை, பாய்லர், பெஞ்சில் நாலு பேர், கையில் கிளாஸ், சுவரில் சினிமா போஸ்டர், எல்லாம் பளிச்சென்று இருந்தது. வலது பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பு. கரியைக் குழைத்துப் பூசின மாதிரி. பெரியய்யா இல்லை, ஆணி இல்லை, தட்டு இல்லை, கிளாஸ் இல்லை. மூணு படத்திலும் அப்படியே.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "என்னய்யா இது, சங்கரநாராயணரு மாதிரி பாதி ஒரு நெறம் பாதி ஒரு நெறமா இருக்கு?" என்றாள்.

எங்க ஊர்க் கோயில் சாமி அப்படித்தான். ஒரே உடம்பில் ஒரு பாதி சிவன், ஒரு பாதி விஷ்ணு. ஆடித்தபசுக்குக் கோமதியம்மன் தவமிருந்து ரெண்டு பாதியையும் ஒண்ணாகப் பார்த்தாள் என்று கதை. அந்தத் திருவிழாவுக்கு லட்சம் ஜனம் கூடும். சாமிக்கு ரெண்டு பாதியும் ஒண்ணு என்பதைக் கைதட்டிக் கும்பிடுகிற ஜனம், டீக்கடையில் ரெண்டு கிளாஸை ஒண்ணாக்கச் சம்மதிக்காது.

வேறே வழியில்லாமல் அந்தப் படத்தையே மனுவோடு வைத்தோம். விசாரித்த அதிகாரி பார்த்துவிட்டு, "கடை இருக்கு, ஜனம் டீ குடிக்குது. இதுல என்ன தப்பு?" என்றார். வலது பக்கம்தான் சார் இருக்கு, கேமராவில் கோளாறு என்றேன். நெகட்டிவ் கேட்டார். கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிலிமில் வெளிச்சம் படாத இடம் நெகட்டிவில் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கும். அதுதான் பிரிண்டில் கறுப்பாகும். அவர் அந்த வெறும் இடத்தை நகத்தால் தட்டினார். "இந்தப் பக்கம் என்னத்தய்யா மறைச்சே? அந்தக் கடையில எல்லாரும் ஒரே கிளாஸ்ல குடிக்கிறது தெரிஞ்சிரும்னு மறைச்சியா?" என்றார்.

நான் மறைத்தேனாம். தட்டை ஆணியில் மாட்டினவன் மறைக்கவில்லை. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிற ஊர் மறைக்கவில்லை. ஒரு கேமராவின் கோளாறு என் தலையில் குற்றமாக இறங்கியது. மனு தள்ளுபடி. வெளியே வந்தபோது பெரியய்யா கேட்டார்: "ஏய்யா, நான் நின்னேன்லா? அந்த மிசினுக்கு நான் நின்னது தெரியலியா?"

அதற்குப் பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

முதலில் சங்கரன்கோவிலில் ஒரு ஸ்டுடியோ. "எந்தத் தெருப்பா?" என்றார். சொன்னேன். "ரசியா கேமராவுக்கெல்லாம் இங்க ஆளில்ல"ன்னார். கேமராவைக் கையால்கூடத் தொடவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. அங்கே தொட்டுப் பார்த்தார்கள். "ஷட்டர் போச்சு. புதுசு மாத்தணும். ஸ்பேர் வேணும். அந்த நாடே இல்லாமப் போச்சு, ஸ்பேர் எங்கேருந்து வரும்?" என்று சிரித்தார்கள். 1991-லேயே சோவியத் முடிந்துவிட்டது. மெட்ராஸுக்கு அனுப்பினால் எண்ணூறு ரூபாய் ஆகும், ரெண்டு மாசம் ஆகும், உத்தரவாதம் இல்லை என்றார்கள். கேமரா வாங்கினதே அறுநூறு.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினபோது, கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற பாய் ஞாபகம் வந்தது. மரப்பெட்டி மாதிரி ஒரு கடை. ஸ்டுடியோக்காரர்கள் சிலபேர் அவரிடம்தான் கேமராவைக் கொடுத்து வாங்குவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பிரிண்டையும் கேமராவையும் வைத்தேன். பாய் பிரிண்டைத்தான் முதலில் எடுத்தார். ஒற்றைக் கண்ணில் மாட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கறுப்பு ஆரம்பிக்கிற ஓரத்தைப் பார்த்தார்.

"எந்த ஸ்பீடுல வச்சு எடுத்தே தம்பி?" என்றார்.

சங்கரன்கோவிலில் ஒருத்தர் என்னைப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி, என் தெரு எது என்பதாக இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஐந்நூறு என்றேன். "முப்பதுல எடுத்தது ஏதாவது இருக்கா?" என்றார். அதே ரோலில் ராத்திரிக் கூட்டத்தில் எடுத்த படங்கள் இருந்தன. அவை முழுசாக இருந்தன. அவருக்கு அது போதும். "ஷட்டர் போகலை. ஒண்ணு ஓடுது, ஒண்ணு முடங்குது. அவ்வளவுதான்."

பிறகு அவர் காட்டித்தந்ததை இங்கே எழுதுகிறேன். கேமரா பிடிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு உதவும்.

அந்தக் கேமராவில் பிலிமுக்கு முன்னால் ரெண்டு திரை உண்டு. ரப்பர் பூசின கறுப்புத் துணி. முதல் திரை ஓடித் திறக்கும்; ரெண்டாம் திரை அதன் பின்னாலேயே ஓடி மூடும். முப்பதில் வைத்தால் முதல் திரை முழுக்க ஓடி முடித்த பிறகுதான் ரெண்டாவது கிளம்பும். அதனால் பிலிம் முழுக்க ஒரே நேரம் வெளிச்சம் விழும். ஐந்நூறில் அப்படி இல்லை. முதல் திரை கிளம்பின உடனே ரெண்டாவதும் துரத்திக்கொண்டு கிளம்பும். ரெண்டுக்கும் நடுவில் ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடுக்குதான். அந்த இடுக்கு 36 மில்லிமீட்டர் அகலத்தையும் ஓடிக் கடக்கிறபோதுதான் படம் விழும். முதல் திரையின் உருளையில் தூசியோ, காய்ந்த எண்ணெயோ சேர்ந்து அது முடங்கினால், பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்துவிடும். இடுக்கு பாதி வழியிலேயே மூடிக்கொள்ளும். அதுக்கு மேலே இருப்பதற்கு வெளிச்சம் கிடையாது. லென்ஸ் வழியாகப் படம் தலைகீழாக, இடவலம் மாறி விழுவதால் திரை ஓடி முடிகிற ஓரம் நம்ம பார்வைக்கு வலது ஓரம். பெரியய்யா நின்ற ஓரம்.

"சத்தம் ஒழுங்காத்தானே பாய் கேட்டுது?" என்றேன்.

"சத்தம் கேக்கும் தம்பி. ரெண்டு திரையும் ஓடுது இல்ல? ஓடுற சத்தம் கேக்கத்தான் செய்யும். வெளிச்சம் போச்சான்னு சத்தம் சொல்லாது."

அப்போது எனக்கு அந்த அதிகாரியின் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. மனு வாங்குகிறார்கள், சீல் குத்துகிறார்கள், விசாரணை என்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். எல்லாச் சத்தமும் ஒழுங்காகத்தான் கேட்கிறது. ஓரத்தில் நிற்கிறவனுக்கு வெளிச்சம் போய்ச் சேருவதில்லை.

மாற்றுவதற்கு ஸ்பேர் இல்லை. சரி செய்யலாம், இருநூற்றைம்பது ரூபாய் ஆகும் என்றார் பாய். அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடிகாலை நாலு மணிக்குப் போனால் விரல் நுனி வெந்து திரும்புவாள். எங்க ஊர்ப் பூச்சந்தைக்குப் போகிற பூவுக்கெல்லாம் அப்படி ஒரு விரல் உண்டு. சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துத் தந்தாள். "கருப்பா விழாம எடுக்கச் சொல்லு" என்றாள், எடுக்கிறது பாய் என்கிற மாதிரி.

நாலு நாள் தறிவேலை முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடிமூடியைக் கழற்றினார். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக, கழற்றின வரிசையிலேயே காகிதத்தில் ஒட்டி வைத்தார். சாமணத்தில் பஞ்சு சுற்றி ஒயிட் பெட்ரோலில் தொட்டு உருளை முனைகளைத் துடைத்தார். துணியில் பெட்ரோல் படக்கூடாது, பட்டால் ரப்பர் உரிந்துவிடும் என்றார். கைக்கடிகாரத்துக்குப் போடுகிற எண்ணெயை ஊசிமுனையில் எடுத்து ஒரு துளியிலும் பாதி விட்டார். அடியில் ரெண்டு திரைக்கும் ரெண்டு இறுக்கு ஸ்க்ரூ. முதல் திரைக்குக் கொஞ்சம் கூட்டினார். "ரொம்ப இறுக்கக்கூடாது. பின்னால வர்றதோட இழுப்பையும் கொறைக்கணும். முன்னால போறதை மட்டும் அடிச்சு வெரட்டினா துணி கிழிஞ்சிரும்."

சரியாயிற்றா என்று பார்க்க மிசின் எதுவும் அவரிடம் இல்லை. கடையில் சின்னக் கறுப்புவெள்ளை டிவி இருந்தது. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, எரிகிற டிவிக்கு நேரே கேமராவைப் பிடித்துப் பின்பக்கமிருந்து பார்த்து அமுக்கச் சொன்னார். டிவித்திரையில் வெளிச்சம் கோடுகோடாக மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். ஷட்டர் திறந்து மூடும்போது கண்ணில் சாய்வாக ஒரு பட்டை தெரியும். ரிப்பேருக்கு முன்னால் அந்தப் பட்டை பாதியில் அறுந்து நின்றதை எனக்குக் காட்டியிருந்தார். இப்போது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தொட்டது. நாற்பது ஐம்பது தடவை அமுக்கிப் பார்த்தேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. வேறே கடிகாரம் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார்.

1995 தையில் மறுபடி அந்த டீக்கடைக்குப் போனேன். தகரத்தட்டு இல்லை! எல்லாக் கிளாஸும் பாய்லர் பக்கத்திலேயே இருந்தன. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெரியய்யாதான் சொன்னார்: "அடியைப் பாரு."

சில கிளாஸின் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. அது நமக்கு. மனு அவர்களுக்குக் கொடுத்த பாடம் அது. ஆணியில் தொங்கினதைக் கிளாஸுக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள்.

இந்தத் தடவை பெரியய்யாவே யோசனை சொன்னார். "நான் அண்ணாந்து குடிக்கேன். நீ அப்ப அமுக்கு." அவர் வலது ஓரத்தில் நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடித்தார். உள்ளே பெஞ்சில் இன்னொருத்தரும் அப்படியே கிளாஸைச் சாய்த்தார். அதே மத்தியானம், அதே 16, அதே ஐந்நூறு. டொடக். சத்தத்தை நான் நம்பவில்லை. பிரிண்ட் வருகிறவரைக்கும் சோறு இறங்கவில்லை.

வந்தது. ஒரு கிளாஸ் அடியில் பொட்டு இருக்கிறது. ஒரு கிளாஸ் அடியில் இல்லை. ரெண்டும் ஒரே சட்டத்துக்குள். பெரியய்யாவின் தொண்டை நரம்பு வரைக்கும் விழுந்திருந்தது. கறுப்பு வெள்ளையில் பொட்டு கறுப்பாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது.

நெகட்டிவோடு மனு கொடுத்தோம். விசாரணைக்கு வந்தார்கள். கிளாஸ் எண்ணுவதற்காகப் போட்ட பொட்டு என்றார் கடைக்காரர். எச்சரித்து விட்டதாக எழுதி முடித்துவிட்டார்கள். அடுத்த மாசம் எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். குடித்துவிட்டு எறிந்துவிடலாம், கழுவ வேண்டாம், பொட்டும் வேண்டாம். படம் எடுத்தால் சுகாதாரம் என்பார்கள்.

அப்படியானால் இருநூற்றைம்பது ரூபாய் வீணா? இயக்கத்தில் ஒரு தோழரே இப்படிக் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு எங்க தெருப் படிப்பகத்தில் மாட்டினோம். அதுவரைக்கும் எங்க ஆட்களிலேயே பாதிப்பேர், "கிளாஸ்தானே, டீ ஒண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். தினமும் வாயில் வைத்துக் குடிக்கிற கிளாஸின் அடி குடிக்கிறவனுக்குத் தெரியாது. எதிரே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். படத்தில்தான் அவர்கள் தங்கள் கிளாஸின் அடியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒரு பாட்டி காறித் துப்பினாள். படத்தை இல்லை, இத்தனை வருஷம் குடித்த டீயை. ரெண்டு வாரத்தில் எங்க தெருவிலிருந்து ஒருத்தரும் அந்தக் கடைக்குப் போகவில்லை. நாலு பெண்கள் சேர்ந்து தெருமுனையில், அய்யா நாற்காலி போட்ட அந்த வேப்பமரத்தடியில், ஒரு டீக்கடை போட்டார்கள். அரசாங்கத்துக்குப் போன படம் எச்சரிக்கையோடு முடிந்தது. நமக்குள் மாட்டின படம் ஒரு கடையைத் திறந்தது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுவீடாக நொறுக்கியது. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குத் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களில் 17 பேர் செத்தார்கள். அதைப்பற்றி ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படம் எடுத்தார். ஒவ்வொரு தடவையும் 'அப்படி நடக்கவேயில்லை' என்று சொல்ல ஆள் இருந்தது. 'இதோ' என்று காட்டப் படமும் வேண்டியிருந்தது.

பின்னால்தான் சாம் ந்ஸீமா பற்றிப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் கறுப்பினப் போட்டோக்காரர். 1976 ஜூன் 16, சோவெட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டபோது, குண்டடிபட்ட ஹெக்டர் பீட்டர்சன் என்ற பையனை இன்னொரு பையன் தூக்கிக்கொண்டு ஓடுவதை எடுத்தவர். எடுத்த கையோடு பிலிமைக் கழற்றிக் காலுறைக்குள் ஒளித்துக்கொண்டார். பிறகு போலீஸ் அவரைப் பிடித்துக் கேமராவைத் திறந்து மற்றப் பிலிம்களை வெளிச்சத்தில் காட்டச் செய்தது. காலுறைக்குள் இருந்தது தப்பி உலகம் பூராவும் போனது. அதைப் படித்தபோது, அன்றைக்கு அவருடைய ஷட்டர் பாதியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.

இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது. துணித்திரை இல்லை, பிலிம் இல்லை. 2022 செப்டம்பரில் எங்க சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாங்குளத்தில், மிட்டாய் வாங்க வந்த நம்ம பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன கடைக்காரர் அதைத் தானே போனில் படம் பிடித்துப் பரப்பினார். அந்தப் படமே சாட்சியாயிற்று. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையக் கோர்ட் தடையும் போட்டது. நான் 1994-ல் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நடித்து, கை நடுங்கி எடுத்ததை, 2022-ல் செய்தவனே சிரித்துக்கொண்டு எடுக்கிறான். அன்றைக்கு ஒளித்தார்கள், இன்றைக்குக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். நாம் எடுக்கிறதுக்கோ நெகட்டிவ் கேட்ட காலம் போய்ச் சான்றிதழ் கேட்கிற காலம் வந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, போனில் எடுத்ததைக் கோர்ட்டில் வைக்க அதுக்குரிய சான்றிதழ் வேண்டும். அதனால் பிள்ளைகளே, எடுத்த போனை அழிக்காதீர்கள், எடுத்ததை வெட்டி ஒட்டாதீர்கள், நாளும் நேரமும் எழுதி வையுங்கள். ஓரம் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நமக்கு நடப்பது எப்போதும் ஓரத்தில்தான் நடக்கிறது.

பாய் இப்போது இல்லை. அந்தக் கடையில் அவர் மகன் போன் உறை விற்கிறார். கேமரா என்னிடம்தான் இருக்கிறது. துணித்திரை சும்மா கிடந்தால் இறுகிவிடும் என்று பாய் சொன்னதால் மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து எல்லா வேகத்திலும் அமுக்கி வைக்கிறேன்.

அந்தக் கேமராவில் நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தது டீக்கடைப் படம் இல்லை. 1996-ல் அம்மாவை எடுத்தது. பூப்பறித்துவிட்டு வந்த ஈரச்சேலையோடு, "எங்கய்யா நிக்கட்டும்?" என்றாள். "உனக்கு எங்க பிடிக்குதோ அங்க நில்லும்மா" என்றேன். தெரு நடுவில், எங்க வீட்டு வாசலில், கோழிக்கூட்டுப் பக்கத்தில் நின்றாள். வெயில் இருந்தது. ஐந்நூறில்தான் வைத்தேன். இந்த ஓரத்துக் கோழிக்கூடும் அந்த ஓரத்துக் குடமும் விழுந்திருக்கின்றன. நடுவில் அம்மா சிரிக்கிறாள்.

அய்யா போட்டோவுக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறேன். அம்மா 2009-ல் செத்தபோது போட்டோ எடுக்க யாரும் அவளை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை.